வெள்ளம் வந்தது, செய்தி வரவில்லை

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர்

"வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. பொருநை ஆற்றின் கரையில் வாழ்ந்த அவர்கள் அதைச் சொல்லோடு நிறுத்தவில்லை, செயலிலும் காட்டினார்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நீளமே உள்ள ஆறு. அதற்குள் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றிலிருந்து கால்வாய்கள், கால்வாய்களிலிருந்து குளங்கள், ஒரு குளத்தின் மறுகாலிலிருந்து அடுத்த குளம் என்று தண்ணீருக்கு அவர்கள் வகுத்துவைத்த வழியைக் கண்டு இன்றும் வியக்கிறோம். ஆனால் அந்தத் தண்ணீருக்கு முன்னால் ஓடிச்சென்று "தண்ணீர் வருகிறது" என்று சொல்லும் செய்திக்கு நாம் ஒரு வழி வகுத்திருக்கிறோமா? இக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

2023 டிசம்பர் 17ஆம் நாள் இரவும் மறுநாளும் நம் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. குமரிக்கடல் பகுதியின் மேல் நிலவிய வளிமண்டலச் சுழற்சியால் 18ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, மாஞ்சோலையில் 55 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையைவிட அதிகமான மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டியது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தால் 95 கோடி லிட்டர் தண்ணீர் சேரும் என்பது சாதாரணப் பெருக்கல் கணக்கு. அந்த வெள்ளத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இவ்வளவு மழையை எந்த அரசும் தடுத்திருக்க முடியாது. ஆனால் மழை தடுக்க முடியாதது என்பதால் மரணமும் தடுக்க முடியாதது என்று ஆகிவிடாது. இரண்டையும் நாம் பிரித்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இரண்டு இரயில்கள்

இதை விளக்க இரண்டு இரயில்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாவது, 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் இரயில். அந்தப் புயல் திடீரென்று முளைத்ததன்று. பல நாட்களுக்கு முன்பே அந்தமான் பக்கத்தில் உருவாகி, இலங்கையைக் கடந்து வந்து கொண்டிருந்தது. ஆயினும் அந்த இரயிலை ஓட்டியவருக்குத் தனுஷ்கோடியில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஒருவரும் இல்லை. கம்பிகள் அறுந்துவிட்டன, கைகாட்டி வேலை செய்யவில்லை. வண்டி சற்று நின்று பார்த்துவிட்டு முன்னேறிச் சென்றது. பேரலை அதை அப்படியே விழுங்கிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் மிஞ்சவில்லை.

இரண்டாவது, 2023 டிசம்பர் 17ஆம் நாள் இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி. அதில் சுமார் 800 பயணிகள் இருந்தனர். இருப்புப்பாதைக்கு ஆபத்து என்ற செய்தி ஸ்ரீவைகுண்டம் நிலையத்துக்குக் கிடைத்தது. பணியிலிருந்த நிலைய அலுவலர் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டார். ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே தண்டவாளத்தின் அடியிலிருந்த கல்லும் மண்ணும் அரித்துச் செல்லப்பட்டுத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படத்தைப் பின்னர் செய்தித்தாள்களில் கண்டோம். வண்டி மேலே சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டும் டிசம்பர் மாதத்து இருட்டு, இரண்டும் பேய்மழை. ஓரிடத்தில் செய்தி வராமல் நூறு பேர் இறந்தனர். மற்றோரிடத்தில் ஒரு செய்தி வந்ததால் எண்ணூறு பேர் பிழைத்தனர். இடைப்பட்ட 59 ஆண்டுகளில் மழையின் குணம் மாறிவிடவில்லை. பாதையைக் கண்டவரிடமிருந்து வண்டியை நிறுத்தக்கூடியவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததே வேறுபாடு.

ஆனால் அதே இரண்டாவது இரயிலின் பிற்பகுதிக் கதையையும் நோக்க வேண்டும். நிறுத்தப்பட்ட வண்டியிலிருந்து சிலர் அருகிலிருந்த பள்ளியில் தங்க வைக்கப்பட்டனர். ஏனையோர் நிலையத்திலேயே சிக்கிக்கொண்டனர். சாலை இல்லை, மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. 19ஆம் தேதிதான் அவர்களை முழுமையாக மீட்க முடிந்தது. அதுவரை அக்கம்பக்கத்துக் கிராம மக்கள் தங்கள் வீட்டு அரிசியைச் சமைத்துக் கொடுத்தார்கள். அவர்களுடைய வீடுகளைச் சுற்றியும் வெள்ளம் நின்றது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சொன்னார்களா, சொல்லவில்லையா?

வெள்ளம் வடிந்த பின் ஒரு விவாதம் எழுந்தது. வானிலை ஆய்வு மையத்தின் சிவப்பு எச்சரிக்கை 17ஆம் தேதிதான் வந்தது. அறிவித்த அளவைவிடப் பலமடங்கு மழை பெய்துவிட்டது என்று மாநில அரசு கூறியது. 12ஆம் தேதியே முன்னறிவிப்புத் தரப்பட்டுவிட்டது என்று ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கூறினார். யார் கூற்று சரி என்று தீர்ப்பளிப்பது என் வேலையன்று. ஓர் அறிவியல் மாணவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது, இருவரும் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் கொண்டார்கள் என்பதே.

வானிலைத் துறையின் அளவுகோலில் 24 மணி நேரத்தில் 6.45 சென்டிமீட்டர் முதல் கனமழை; 11.56 முதல் மிக கனமழை, 20.44க்கு மேல் போனால் அதி கனமழை. அதற்கு மேல் வகுப்பே கிடையாது. ஆகவே 21 சென்டிமீட்டரும் அதி கனமழைதான். 95 சென்டிமீட்டரும் அதி கனமழைதான். அனுப்பியவர் "20க்கு மேல்" என்று எழுதினார். பெற்றவர் "20 அளவில்" என்று படித்தார். சொல் போய்ச் சேர்ந்தது. பொருள் போய்ச் சேரவில்லை. 20 சென்டிமீட்டர் மழைக்கான ஆயத்தம் 95 சென்டிமீட்டர் மழைக்கு எப்படிப் போதும்?

இன்னொன்றும் உண்டு. மழைமானிக் கணக்கு காலை 8.30 மணிக்கு முடிகிறது. காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் என்பதை நாடு அறிந்தபோது அந்த 95ம் பெய்து முடிந்திருந்தது. இரவு பத்து மணிக்கே "மணிக்கு நான்கு சென்டிமீட்டர் வீதம் கொட்டிக்கொண்டிருக்கிறது" என்ற செய்தி கீழேயுள்ள ஒவ்வோர் ஊருக்கும் போயிருந்தால் அதன் மதிப்பே வேறு.

சங்கிலியின் கணக்கு

ஓர் எச்சரிக்கை எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்ப்போம். வானிலை மையத்திலிருந்து மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு, அங்கிருந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு, பின்னர் வட்டாட்சியருக்கு, அவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கு, அவரிடமிருந்து தலையாரிக்கு, தலையாரியிடமிருந்து வீட்டுக்கு. ஆக ஆறு கைமாற்றங்கள்.

ஒவ்வொரு கைமாற்றமும் நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாக நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொண்ணூறு மதிப்பெண் என்பது நம்மில் பலருக்குக் கனவு! ஆயினும் 0.9ஐ ஆறு முறை பெருக்கினால் 0.53தான் வருகிறது. அதாவது எல்லாரும் தொண்ணூறு மதிப்பெண் வாங்கியும், இரண்டு வீடுகளில் ஏறத்தாழ ஒன்றுக்குத்தான் செய்தி போய்ச் சேர்கிறது. தனிப்பட்ட எவர் மீதும் குற்றம் இல்லாமலே ஒரு பெருங்குற்றம் நடந்துவிடுகிறது. கைமாற்றம் ஒவ்வொன்றும் அரை மணி நேரம் பிடித்தால் மூன்று மணி நேரம் கரைந்துவிடுகிறது.

இதற்கு மாற்று என்ன? ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகளில் செய்தி சென்றால், ஏதேனும் ஒன்றாவது சேரும் வாய்ப்பு 0.78 ஆகிறது. மூன்று வழிகள் என்றால் 0.90. ஆனால் "ஒன்றையொன்று சாராத" என்ற சொல்லை அடிக்கோடிட வேண்டும். குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், தொலைபேசி அழைப்பு என்று மூன்று வைத்திருந்தாலும் அவை மூன்றும் ஒரே கோபுரத்தைச் சார்ந்தவை. அந்தக் கோபுரம் மின்சாரத்தைச் சார்ந்தது. அன்று இரவு மின்சாரம் போயிற்று, கோபுரங்களும் அடங்கின. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகள் வெளியுலகோடு தொடர்பற்றுத் தீவுகளாயின. மூன்று வழிகள் என்று நாம் நம்பியிருந்தவை உண்மையில் ஒரே வழியாக இருந்தன.

எங்கள் குளம்

இங்கே என் ஊரைப் பற்றிச் சிறிது சொல்வது பொருத்தம் என்று கருதுகிறேன். ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் ஒரு குளத்தின் அடியில் அமைந்த சிற்றூர் அது. என் தந்தையார் அந்தக் குளத்துக்கு நீர்ப்பாய்ச்சி. எந்த மடையை எத்தனை சாண் திறந்தால் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் போகும் என்பதை எழுத்தறிவின்றியே துல்லியமாகச் சொல்வார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். அரையாண்டுத் தேர்வுக் காலம். மாலையில் என் கைபேசிக்கு ஓர் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வந்தது. மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் அதி கனமழைக்கு வாய்ப்பு என்றது. "என்னலே சொல்லுது போன்ல?" என்று அப்பா கேட்டார். "மழை வருமாம்ப்பா" என்றேன். "அதான் வெளிய பெய்யுதே" என்று சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுகாலைப் பார்க்கப் போனார். நானும் சிரித்தேன். ஒலியை அணைத்துவிட்டு வேதியியல் புத்தகத்தைத் திறந்தேன்.

எங்கள் குளத்துக்கு மேலே இன்னொரு குளம் உண்டு. அது வேறு ஊராட்சி. அதன் கரையில் இரவு ஒன்பது மணிக்கே நீர் கசிந்ததை அவ்வூர்க்காரர்கள் கண்டிருக்கிறார்கள். தங்களுக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். மணல் மூட்டை அடுக்கிப் போராடியிருக்கிறார்கள். கீழேயுள்ள எங்கள் ஊரில் யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நள்ளிரவுக்கு மேல் அந்தக் கரை உடைந்தது. அந்தத் தண்ணீர் எங்கள் குளத்தையும் உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது.

தெருவின் கடைசி வீட்டில் ஓர் ஆச்சி தனியாக இருந்தார். பீடி சுற்றிப் பிழைத்தவர். பேனா வாங்க, நோட்டு வாங்க என்று பலமுறை எனக்குச் சில்லறை தந்தவர். மண்சுவர் வீடு. நாங்கள் இருட்டில் கோயில் மேட்டுக்கு ஏறி எண்ணிப் பார்த்தபோது ஆச்சி இல்லை. விடிந்த பிறகுதான் இடிந்த சுவருக்கு அடியில் கண்டோம்.

அப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மேக்குளத்துல ஒம்போது மணிக்கே தெரிஞ்சிருக்குலே. ஒத்த வார்த்தை வந்திருந்தா ஆச்சியத் தூக்கிட்டு வந்திருக்கலாமே" என்றார். நான் கைபேசியில் வந்த செய்தியை நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் அதைப் படித்துப் பொருள் சொல்லக் கூடியவன் நான் ஒருவனே. ஆறு கைமாற்றம் என்று மேலே கணக்கிட்டேன். ஏழாவது கை என்னுடையது.

பிரிந்து கிடக்கும் பதிவேடுகள்

பின்னர் நான் யோசித்துப் பார்த்தேன். ஆச்சியைக் காப்பாற்றத் தேவையான செய்தி முழுவதும் அன்று அரசிடமும் ஊரிடமும் இருந்தது. எழுபது வயதுக்கு மேற்பட்டவர் தனியாக இருக்கிறார் என்பது நியாயவிலைக் கடைக்குத் தெரியும். அவருக்கு முழங்கால் வீக்கம், நடக்க முடியாது என்பது "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் ஊழியருக்குத் தெரியும். அவர் வீடு மண்சுவர் என்பது கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும். அந்தத் தெருதான் தாழ்வான தெரு என்பது என் தந்தைக்குத் தெரியும். கரை கசிகிறது என்பது மேலூருக்குத் தெரியும். ஐந்து பேரிடம் ஐந்து துண்டுகள். ஐந்தையும் ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்க ஒருவரும் இல்லை.

நிறைமாதக் கர்ப்பிணிகள் யார், பிரசவ நாள் எது என்ற பதிவேடு கிராம சுகாதாரச் செவிலியரிடம் இருக்கிறது. படகில் வரும் மீட்புப் படையினரிடம் அந்தப் பட்டியல் இருந்தால் எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று தேட வேண்டியதில்லை.

இது நம் பகுதிக்கு மட்டும் உரிய நோயன்று. 1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்த இரவில் கண் எரிந்து மூச்சுத் திணறி வந்தவர்களை மருத்துவர்கள் தாங்கினார்கள். ஆனால் அது என்ன வாயு, அதற்கு என்ன சிகிச்சை என்ற செய்தி தொழிற்சாலையிலிருந்து அவர்களுக்கு உரிய முறையில் கிடைக்கவில்லை. 2004 டிசம்பர் 26 காலை 6.28க்குச் சுமத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கியது. கார்நிக்கோபார் விமானப்படைத் தளத்தைக் கடல் அழித்த பின்னரும் தமிழகக் கரைக்கு அலை வந்துசேர நேரம் இருந்தது. அந்த நேரம் நாகப்பட்டினத்து மீனவர் தெருவுக்குப் பயன்படவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டனர். 2007இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தோன்றியது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலுக்கு ஏற்கெனவே சென்றுவிட்ட குமரி மாவட்ட மீனவர்களை எட்டும் கருவி எவரிடமும் இல்லை.

ஆனால் பாடம் கற்றவர்களும் உண்டு. 1999 பெரும்புயலில் ஒடிசா ஏறத்தாழ 10,000 உயிர்களை இழந்தது. 2013இல் பைலின் புயல் வந்தபோது இலட்சக்கணக்கானோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். இறந்தவர் ஐம்பதுக்கும் குறைவு. 1970 புயலில் இலட்சக்கணக்கானோரை இழந்த வங்காளதேசம், ஊருக்கு ஊர் கொடியும் கையொலிபெருக்கியும் ஏந்திய தொண்டர் படையை அமைத்தது. இரு இடங்களிலும் செய்தியின் கடைசி அடியை மனிதர்களே நடந்தார்கள்.

நாம் செய்யக்கூடியவை

அரசு செய்ய வேண்டியவை பல. மாணவர்களாகிய நாமும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களின் வழியே செய்யக்கூடியவை சில உள்ளன. அவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, செய்தி தண்ணீரின் வழியே போக வேண்டும். அலுவலகச் செய்தி மேலிருந்து கீழாகத் துறை வழியே போகிறது. தண்ணீரோ ஊராட்சி எல்லை பாராமல் மேல்குளத்திலிருந்து கீழ்குளத்துக்குப் போகிறது. ஆகவே ஒவ்வொரு குளத்தின் நீர்ப்பாய்ச்சியிடமும் அடுத்த கீழ்க்குளத்து ஊரார் மூவரின் எண்கள் இருக்க வேண்டும். அதை நியாயவிலைக் கடைச் சுவரில் சாயத்தால் எழுதலாம். மாவட்டப் பேரிடர் எண் 1077ஐயும் அதனருகில் எழுதலாம்.

இரண்டாவது, மின்சாரம் வேண்டாத ஒரு குரல் வேண்டும். தண்டோரா போடும் வழக்கத்தை 2022 ஆகஸ்டில் தமிழக அரசு தடை செய்தது. ஒரு சாராரை இழிவுபடுத்திய வழக்கம் ஒழிந்தது நியாயமே. அதன் இடத்தில் மின்கலத்தில் இயங்கும் கையொலிபெருக்கி ஒன்று ஒவ்வோர் ஊரிலும் இருக்க வேண்டாமா? கோயில் மணி, மாதா கோயில் மணி, பள்ளிவாசல் ஒலி ஆகிய மூன்றும் வெள்ளத்துக்கு ஒரே அடையாள ஒலியை வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, செய்தி புரியும் மொழியில் இருக்க வேண்டும். "இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு" என்றால் என் தாயாருக்கு விளங்காது. "குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிவிட்டது" என்றால் நெல்லையில் எவருக்கும் விளங்கும். ஒவ்வோர் ஊரிலும் 1992 நவம்பர் வெள்ளம் எதுவரை வந்தது, 2023 வெள்ளம் எதுவரை வந்தது என்று பெரியவர்களைக் கேட்டுச் சுவரில் கோடு வரையலாம். அடுத்த எச்சரிக்கையில் "இரண்டாம் கோடு வரை வரும்" என்று சொன்னால் போதும்.

நான்காவது, மழையை நாமே அளக்கலாம். பக்கவாட்டுச் சுவர் நேராக உள்ள எந்த டப்பாவும் மழைமானியே. வாயகலம் எவ்வளவாயினும், அடிப்பரப்பும் வாய்ப்பரப்பும் சமமாக இருப்பதால், அளவுகோலில் காணும் உயரமே மழையின் உயரம். மரமோ கூரையோ மறைக்காத திறந்த இடத்தில் வைத்து மணிக்கொரு முறை பார்த்து, அடுத்த ஊருக்குச் சொல்ல ஒரு மாணவன் போதும்.

ஐந்தாவது, ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறக்கும் முன் செவிலியர், கிராம நிர்வாக அலுவலர், கடைக்காரர், மின்வாரிய ஊழியர், நீர்ப்பாய்ச்சி ஆகியோரை ஒரு மாலைப் பொழுது ஓரிடத்தில் அமர்த்தி, யாரை முதலில் தூக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுத வேண்டும். ஒரு தாளும் ஒரு பேனாவும்தான் செலவு.

முடிவுரை

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். நம் வீட்டுக்கு வரும் வங்கிக் கடிதத்தையும் மருத்துவச் சீட்டையும் நாம்தான் படித்துச் சொல்கிறோம். அந்த வரிசையில் எச்சரிக்கையும் ஒன்று. அதைப் படிப்பது பாதி வேலை. பொருள் சொல்லி, தெருக் கடைசி வீடு வரை போய்ச் சேர்ப்பது மீதி வேலை. பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், வரும் ஐப்பசிக்கு முன் நம் கல்லூரி மாணவர்கள் வாழும் ஊர்கள் அனைத்திலும் அந்தப் பட்டியலை எழுதி முடிக்கலாம்.

எங்கள் ஊரில் தொடங்கிவிட்டோம். மேல்குளத்து ஊரார் மூவரின் எண்கள் இப்போது எங்கள் கடைச் சுவரில் உள்ளன. எங்கள் மூவரின் எண்கள் அவர்கள் சுவரில் உள்ளன. அங்கே எழுதப்பட்ட முதல் பெயர் என் தந்தையுடையது. எழுதியவன் நான்.